ஆறக்காவின் கம்பத்தில் கட்டிய ஓலை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னியுங்கள். கோழி கிளறியது போல இருக்கும். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் எனக்குத் திடமாகத் தெரியாது. இரண்டு சுழி, மூன்று சுழியிலும் அப்படித்தான். பிழை கண்டால் மனத்துக்குள்ளே திருத்திக்கொண்டு மேலே வாசியுங்கள்.

நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் திறக்காது. முதுகு வருத்தத்தால் நான் வேலையை விட்ட அன்று, இங்கே ரண்டர்ஸ் நகரத்தில் மரக்கறிப் பெட்டிகள் அடுக்கிய அந்த லாகர் கிடங்கில் நீங்கள் கேக் வெட்டினீர்கள். “அங்கிள், ஏதாவது கதையுங்கோ” என்று கேட்டீர்கள். நான் டெனிஷில் ‘தக்’ என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு, கேக்கைத் தின்றுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கிரின்ஸ்டெட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது உங்களில் சிலர் என் இடத்துக்குப் பழம் வாங்க மெக்கொங் ஆற்றுக்குப் போகப்போகிறீர்கள் என்று முதலாளி சொன்னார். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். தமிழ் வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துச் சொல்லுங்கள்.

பெட்டி கட்டுவது, விமானத்தில் ஏற்றுவது, சுங்கத்தில் எடுப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு காலைப்பொழுதை மட்டும் சொல்கிறேன்.

என் வீட்டுக்குப் பின்னால் ஒரு வயல் இருக்கிறது. இலை உதிரும் காலத்தில் விடியற்காலையில் மூடுபனி அதன்மேல் வந்து படுத்துக்கொள்ளும். நிலம் தெரியாது, வேலிக்கம்பங்களின் தலை மட்டும் வெள்ளைக்கு மேலே நிற்கும். கோப்பிக் கோப்பையோடு நின்று பார்க்கும்போது இது வயலா, ஆறா என்று எனக்கு ஒரு கணம் மயங்கும். அந்தக் கம்பங்களில் பழம் ஏதும் தொங்குகிறதா என்று என் கண் தானாகத் தேடும்.

ஏனென்றால் அங்கே அப்படித்தான். வியட்நாமின் தெற்கில் மெக்கொங் ஆறு பல கைகளாகப் பிரிந்து கடலுக்குப் போகிறது. கான் தோ என்ற நகரத்துக்குப் பக்கத்தில், அந்தக் கைகளில் ஒன்றில், சந்தை தண்ணீரிலேயே கூடுகிறது. தோட்டங்களில் இருந்து வாங்கிய பழங்களையும் கிழங்குகளையும் ஏற்றிக்கொண்டு பெரிய மரப்படகுகள் வந்து நங்கூரம் போட்டு நிற்கும். சனம் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, அதிலேயே பிள்ளை வளர்க்கும். சின்ன ஓடங்கள் இடையில் புகுந்து கோப்பி விற்கும், நூடில்ஸ் விற்கும். தண்ணீரின் நிறம் நாங்கள் குடிக்கும் பால்தேநீரின் நிறம். அதில் ஆகாயத்தாமரை மிதந்து வரும், போகும், கடல் ஏறித் தண்ணி திரும்பினால் போன வழியே திரும்பியும் வரும். முதல் தரம் அதைப் பார்த்தபோது, பார்த்ததையே திரும்பவும் கனவில் பார்ப்பது போல இருந்தது.

இத்தனை சத்தத்தில் கூவி விற்க முடியாது. அதனால் ஒவ்வொரு படகிலும் ஒரு நீண்ட மூங்கில் கம்பம் நட்டிருப்பார்கள். விற்கிற பொருளில் ஒன்றை அதன் நுனியில் கட்டித் தொங்கவிடுவார்கள். பூசணி தொங்கினால் பூசணிப் படகு. அன்னாசி தொங்கினால் அன்னாசிப் படகு. தூரத்திலேயே பார்த்துவிட்டு நேரே போகலாம். எழுத்து வேண்டாம். என்னைப் போன்ற ஆளுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று படித்த உங்களுக்கு விளங்காது.

எங்கள் முதலாளிக்குப் பம்பளிமாஸ் கொடுத்தது ஒரு பெண். அங்கே தெற்கில் பிள்ளைகளைப் பிறந்த வரிசை எண்ணால்தான் கூப்பிடுவார்கள். அவரைக் கூப்பிட்ட சொல்லுக்கு ‘ஆறு’ என்று பொருள். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆற்றிலே பிறந்து ஆற்றிலே வாழும் ஒருவருக்கு ஆறு என்று பேர்! அது நம்முடைய தமிழின் விளையாட்டு, அவர்களுக்கு அது வெறும் எண். ஆனாலும் நான் அன்றிலிருந்து அவரை ‘ஆறக்கா’ என்று கூப்பிட்டேன். சொந்தப் பேர் கடைசிவரை எனக்குத் தெரியாது. உண்மையில் அவர் ஐந்தாவது பிள்ளை. அங்கே மூத்த பிள்ளையையே இரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள், ஒன்று என்று ஒருவரும் இல்லை. “ஒண்டு எங்கை?” என்று ஒருமுறை கேட்டேன். “ஒண்டை ஆத்துக்கு விட்டிட்டம்” என்று சிரித்தார்.

எங்களுக்கு நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் துவான். சின்ன வயதில் பெற்றோரோடு அகதியாக இங்கே வந்து விபோர்க்கில் வளர்ந்தவர். பிறகு கான் தோவுக்கே திரும்பிப்போய்க் கலியாணம் கட்டிக்கொண்டார். எனக்கு அவருடைய மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகையால் வாழைப்பூப் பொத்தி ஏற்றிய படகுகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் டெனிஷில் கதைத்தோம். ‘அண்ணை’ என்ற ஒரு சொல்லை மட்டும் நான் அவருக்குப் பழக்கியிருந்தேன். இதில் வருகிற பேச்சையெல்லாம் எனக்குக் காதில் விழுந்த மாதிரி எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஆறக்காவின் புருஷன் இறந்துவிட்டார். அந்தப் படகுதான் அவருடைய வீடு, கடை எல்லாம். ஒரே மகன் நகரத்தில், மீன் உறையவைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. படகை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி தாயை நச்சரித்துக்கொண்டே இருந்தார். தகப்பனின் செத்தவீட்டுக்குப் பிறகு அவர் படகில் கால் வைக்கவில்லை. தாயைப் பார்க்க வேண்டுமானால் கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்ன் அடிப்பார். ஆறக்கா சின்ன ஓடத்தில் கரைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார்.

நான் சொல்ல வந்தது ஒரு குருத்தோலை ஞாயிறு. நான் மன்னார்க் கத்தோலிக்கன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுடைய ஆட்கள் அன்றைக்குக் கோயிலில் மந்திரித்த ஓலையைக் கொண்டுவந்து வீட்டு வாசலிலும் கட்டுவார்கள், வள்ளத்திலும் கட்டுவார்கள். நகரத்தில் கோயில் இருந்தது. ஆனால் அறிமுகம் இல்லாத கோயிலுக்குள் தனியாகப் போக எனக்குக் கூச்சம். ஆறக்கா விடிய முன்னமே சாமான் வாங்கக் கரைக்குப் போயிருந்தார். பழம் தெரிந்தெடுப்பதற்காக முதல் நாளே வந்திருந்த நான் படகில் காவல். பக்கத்தில் தேங்காய்ப் படகு நின்றது. அதன் சொந்தக்காரியிடம் சைகையால் ஓர் ஓலை கேட்டேன். அவர் கூட்டுமாறு கட்டப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், இளசாக ஒன்று வெட்டி எறிந்தார்.

அதை எங்கே கட்டுவது? படகில் உயரமான இடம் கம்பம். அதில் தொங்குவது எல்லாம் விலைக்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் ஓலை விற்கிறவர் எவரும் அந்தச் சந்தையில் இல்லை. ஆறக்காவின் சட்டைகூடக் கயிற்றில் காய்ந்துகொண்டுதான் இருந்தது, அதை ஒருவரும் விலை கேட்கவில்லை. ஆகவே சரக்கல்லாத பொருள் தொங்கினால் அதற்குக் கருத்தில்லை என்று நானே முடிவுசெய்தேன். பம்பளிமாசுக்கு மேலே ஓலையைக் கட்டினேன். காற்று வந்தது. ஓலை சரசரத்தது. நான் கீழே இருந்து தெரிந்த செபத்தைச் சொன்னேன். மூடுபனி கலைந்து வெயில் தண்ணீரில் இறங்கியது. அவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் கோயிலிலும் இருந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு மெலிந்த மனிதர் தன் படகை எங்கள் படகோடு அணைத்துக் கட்டிவிட்டு ஏறி வந்தார். பழம் வாங்க வந்திருக்கிறார் என்று ஒரு பம்பளிமாசை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. என் காலடிப் பலகையை விரல் மடக்கித் தட்டினார். குனிந்து காது வைத்துக் கேட்டார். முன்னுக்குப் போய்த் தட்டினார், பின்னுக்குப் போய்த் தட்டினார். பிறகு ஓலையைக் காட்டி, கையால் படகு முழுவதையும் வளைத்து, என்னிடம் ஏதோ கேட்டார்.

நான் சிரித்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டினேன். அந்த ஆட்டத்துக்குள் ஓமும் இருக்கிறது, பார்ப்போமும் இருக்கிறது, விளங்கவில்லை என்பதும் இருக்கிறது. அவர் அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். கைபேசியில் படகைப் படம் பிடித்தார், யாருக்கோ அனுப்பினார், தன் படகுக்குத் திரும்பிப்போய் அங்கேயே இருந்துகொண்டார்.

அப்போதுதான் துவான் வந்தார். தூரத்திலேயே ஓடத்தில் எழும்பி நின்று, டெனிஷில் ‘இல்லை, இல்லை’ என்று கத்தினார்.

“நை, நை, நை! அண்ணை! அதை ஆர் கட்டினது?”

“நான்தான். இண்டைக்குக் குருத்தோலை.”

“ஆறக்கா சொன்னவவோ?”

“இல்லை. ஏன்?”

“ஓலை கட்டினா படகு விலைக்கு எண்டு கருத்து! பழம் இல்லை, கிழங்கு இல்லை. படகு! நீங்கள் அவவின்ரை வீட்டை விக்கப் போட்டிருக்கிறீங்கள்!”

 பாய்ந்துபோய்க் கம்பத்தைப் பிடித்தேன். துவான் ஏறிவந்து என் சட்டையைப் பின்னால் இழுத்தார்.

“தொடாதையுங்கோ! இப்ப அவிழ்த்தா வித்தாச்செண்டு கருத்து. கடைசியா இதிலை ஏறினது ஆர்?”

நான் மெலிந்த மனிதரைக் காட்டினேன். அவர் தூரத்தில் இருந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

“அப்ப அந்தாள்தான் வாங்கினவர் எண்டு சந்தை முழுக்கக் கதைக்கும். படகுக்காரி வரட்டும். அவவின்ரை கையாலைதான் இது இறங்கவேணும்.”

பிள்ளைகள், பிழை விட்டது தெரிந்தவுடன் கை துடிக்கும். உடனே அழிக்க வேண்டும் போல இருக்கும். அந்தத் துடிப்பில் செய்கிற வேலைதான் இரண்டாவது பிழை. அன்றைக்கு என் சட்டையைப் பிடித்து இழுக்க ஒருவர் இருந்தார். உங்களுக்கு அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் நீங்களே உங்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் காத்திருந்தோம். செய்தி தண்ணீரில் எண்ணெய் போலப் பரவியது. படகுகள் மெதுவாக எங்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போயின.  கடைசியில் ஆறக்காவின் ஓடம் வந்தது. அவர் நின்றபடியே துடுப்புப் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி ஓலையைப் பார்த்தபடி வந்தார். துவான் நடந்ததைச் சொன்னார். நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். மூன்றாம் தரம் நான் வாயெடுத்தபோது துவான் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

“ஒருக்காச் சொல்லிட்டன். இனியும் சொன்னா அவதான் உங்களுக்கு ஆறுதல் சொல்லவேணும். அவவுக்கு இப்ப அதுக்கு நேரமில்லை.”

ஆறக்கா என்னைத் திட்டவில்லை. சாமான் பையை வைத்துவிட்டு, கம்பத்துக்குக் கீழே போய் முடிச்சை அண்ணாந்து பார்த்தார்.

“வடிவாத்தான் கட்டியிருக்கிறான்” என்றார். “இருக்கட்டும். மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும்.”

அடுப்பு மூட்டிக் கோப்பி போட்டார். படகின் முன்பக்கத்தில் போய் உட்கார்ந்தார். படகுக்காரி வந்துவிட்டாள் என்றதும் ஆட்கள் துணிந்து ஏறினார்கள். ஒருவர் இந்தப் படகு தாரா வாத்துப் போல ஆடி ஆடிப் போகும் என்றார். “நீ மட்டும் நேரா நடக்கிற மாதிரி” என்றார் ஆறக்கா. இன்னொருவர் நல்ல மரம், இப்படி மரம் இனி வராது என்று பெருமூச்சு விட்டார். அவருக்குக் கோப்பி கிடைத்தது. தேங்காய்க்காரி தன் படகிலிருந்து இதற்குத் தாவி வந்து, கண் கலங்க நின்று சண்டை பிடித்தார்.

“இவனை விட்டு என்னட்டை ஓலை வாங்கி எனக்கே சொல்லாமல் கட்டுறியோ? பக்கத்திலை பக்கத்திலை நிண்டு கிழவியாப் போனம். போறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு வாயில்லையோ?”

“போனா உனக்கென்ன? இடம் அகலமாக் கிடைக்கும்.”

“அகலமும் மண்ணாங்கட்டியும்! நீ போனா நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?”

 நான் ஒரு மூலையில் பம்பளிமாஸ் குவியலோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். செத்தவர் ஒருவர் தன் செத்தவீட்டுக்குத் தானே வந்து, யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றியது. வெயிலும் புகையும் கோப்பி வாசமும் சேர்ந்து எனக்குக் கண் செருகியது. எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது.

அப்போது கரையில் ஹோர்ன் அடித்தது. ஆறக்கா எழும்பவில்லை. திரும்பவும் அடித்தது. அவர் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓர் ஓடத்தைப் பிடித்துக்கொண்டு மகனே வந்து ஏறினார். வேலைச் சீருடையோடு வந்திருந்தார். யாரோ அவருக்குப் படம் அனுப்பியிருந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

“அம்மா! கடைசியா மனம் வந்திட்டுதோ! பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன், அப்பம்மா வாறா எண்டு. அறை இருக்கு. யன்னல் இருக்கு. யன்னலாலை பாத்தா ஆறு தெரியும்.”

“எவ்வளவு தெரியும்?” என்று ஆறக்கா கேட்டார்.

மகன் கைகளை விரித்து ஒரு சின்ன அளவு காட்டினார். தேங்காய்க்காரி மூக்கால் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் மகனுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டார். ஓலையைப் பார்த்தார். பிறகு என்னிடம் நேரே கேட்டார். துவான் மெதுவாக மொழிபெயர்த்தார்:

“அம்மா சொல்லித்தான் இதைக் கட்டினீங்களோ எண்டு கேக்கிறார்.”

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எப்போதும் பயப்படுகிற அதே இடம். ஓம் என்றால் மகன் சந்தோஷப்படுவார், நானும் ஒரு முட்டாள் வெளிநாட்டுக்காரனாக நிற்க வேண்டியதில்லை, ஆனால் ஆறக்காவின் படகு அந்த ஒரு சொல்லோடு போய்விடும். இல்லை என்றால், அழுதுகொண்டு வந்த மகனைப் பார்த்து ஊர் சிரிக்கும். ஆறக்காவின் முகத்தில் ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் படகை விற்கவும் எனக்கு உரிமை இல்லை, காப்பாற்றவும் உரிமை இல்லை என்று அப்போது விளங்கியது. என் கை செய்ததைச் சொல்ல மட்டும் உரிமை இருந்தது.

“நான்தான் கட்டினனான்” என்றேன். “அவவுக்குத் தெரியாது. எங்கடை சமயத்திலை இண்டைக்கு ஓலை கட்டுறது. இஞ்சை அதுக்கு வேறை கருத்திருக்கெண்டு எனக்குத் தெரியாது.”

துவான் ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னார். மகனுடைய சிரிப்பு வடிந்ததை நான் பார்க்க விரும்பவில்லை, ஆனாலும் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அப்ப இது பிழையோ?”

“கட்டினது அவன்ரை பிழை” என்றார் ஆறக்கா. “மத்தியானம் வரைக்கும் விட்டது என்ரை விருப்பம்.”

“ஏன்?”

“நான் போனா ஆர் ஆர் வருவினம், என்ன சொல்லுவினம் எண்டு பாக்க. நீ வருவியோ எண்டு பாக்க. ஹோர்ன் அடிச்சாய். நான் எழும்பேல்லை. வந்திட்டாய்.”

 மகன் உட்கார்ந்திருந்த பலகையை அவருடைய விரல் தடவிக்கொண்டிருந்தது. அது தகப்பன் படுத்த இடம் என்று துவான் பிறகு எனக்குச் சொன்னார்.

“அப்ப அந்த அறை?” என்று மகன் கேட்டார்.

“அறை இருக்கட்டும். மழைக்கு வந்து நிப்பன். பிள்ளையளோடை நிப்பன். இதை வித்திட்டு வரமாட்டன்.” பிறகு கம்பத்தைக் காட்டினார். “ஏறு. அவிழ்.”

“அவிழ்த்தா வித்தாச்செண்டெல்லோ நினைப்பினம்?”

“நீ ஏறு.”

அவர் சப்பாத்தைக் கழற்றினார். அந்தப் படகில் வளர்ந்த பிள்ளை அல்லவா, மூங்கிலைக் கைக்கும் காலுக்கும் நடுவே பிடித்து ஒரு மூச்சில் மேலே போய்விட்டார். ஓலை சுழன்று சுழன்று வந்து தண்ணீரில் விழுந்தது.  மெலிந்த மனிதர் தன் படகில் எழும்பி நின்று கூவினார்:

“ஆர் வாங்கினது?”

ஆறக்கா முன்பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“நான்!”

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை.

“நான்தான் வாங்கினனான்! வித்ததும் நான், வாங்கினதும் நான்!”

“என்ன விலைக்கடி?” என்று தேங்காய்க்காரி கேட்டார்.

“உனக்கு எட்டாத விலைக்கு!”

ஆறு முழுவதும் சிரித்தது. வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு படகில் தொடங்கி அடுத்த படகு, அதற்கடுத்த படகு என்று அந்தச் சிரிப்பு தண்ணீரில் போய்க்கொண்டே இருந்தது. நானும் சிரித்தேன். அன்றைய பழம் நல்ல பழம், அதை நீங்கள் இங்கே கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்.

பிள்ளைகள், அங்கே போனால் பாதி தெரிந்ததை முழுதும் தெரிந்ததாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஏதும் கட்டுவதற்கு முன் கேளுங்கள். கட்டியபின் தெரியவந்தால், யாருடைய படகு என்று பார்த்து அவர் வரும்வரை பொறுங்கள். கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மிச்சத்தைப் படகுக்காரர் முடிவுசெய்வார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

சிரிப்பு அடங்கியபோது மெலிந்த மனிதர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு புறப்பட்டார். போகும்போது தொப்பியைத் தூக்கி ஆறக்காவுக்கு மரியாதை செய்தார்.

“புது முதலாளியம்மா! பின்னுக்கு இடப்பக்கம் ஒரு பலகை உக்கி உளுத்துப்போச்சு. தண்ணி வர முந்தி மாத்துங்கோ!”

மகன் இன்னும் கம்பத்தின் உச்சியிலேயே இருந்தார். காற்றில் மூங்கில் மெல்ல ஆடியது. அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், இறங்க மனமில்லாதவர் போல. பிறகு அங்கிருந்தே கீழே குனிந்து கேட்டார்:

“எந்தப் பலகை?”

கிரின்ஸ்டெட்,
ஒக்டோபர் ஒன்பதாம் திகதி